இரண்டு சாவிகள்

புனே நகரில் நடைபெற்ற இரண்டு நாள் ஆன்மிக முகாம் ஒன்றில் கர்மயோகம் பற்றிப் பேசும் பணி எனக்குத் தரப்பட்டிருந்தது. முதல் நாள் உரை முடிந்து அனைவரும் உணவுக்கூடத்திற்குச் சென்ற பின்னும் ஓர் அம்மையார் மட்டும் மண்டபத்திலேயே அமர்ந்திருந்தார். அவருக்கு வயது 49. பொதுத்துறை வங்கி ஒன்றில் அதிகாரி. வங்கிக் கிளைகளுக்கு வேண்டிய ரொக்கத்தைச் சேமித்து வைத்து வழங்கும் 'கரன்சி செஸ்ட்' என்னும் பணப் பெட்டகத்தின் பொறுப்பு சில மாதங்களுக்கு முன்புதான் அவரிடம் வந்திருந்தது.

"சுவாமிஜி, தாங்கள் இன்று சொன்னவை எனக்குப் புதியவை அல்ல. 26 ஆண்டுகளாக என் வேலையை இறைவனுக்குச் செய்யும் வழிபாடு என்று எண்ணியே செய்து வந்தேன். ஆனால் கடந்த ஓராண்டாக எனக்குள் ஏதோ அணைந்துவிட்டது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அன்று செய்ய வேண்டிய வேலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. அலுவலகத்தில் யாராவது என் மேசையை நோக்கி வந்தாலே எரிச்சல் மூள்கிறது. பக்கவாதத்தால் படுத்திருக்கும் மாமியாருக்கு உணவு ஊட்டும்போது கை மட்டும் அசைகிறது. மனம் அங்கே இல்லை. பூஜையறையில் விளக்கேற்றுகிறேன், அதுவும் பட்டியலில் ஒரு வேலையாகிவிட்டது. கர்மயோகிக்குச் சோர்வு இல்லை என்றால், நான் இத்தனை ஆண்டுகள் செய்ததுதான் என்ன?"

நான் அதிகம் யோசிக்காமல் பதில் சொன்னேன்: "ஜபத்தைச் சற்றுக் கூட்டுங்கள், தாயே. காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து அமர்ந்தால் மனம் தெளியும்." அவர் பணிவோடு தலையசைத்தார். கைப்பையிலிருந்து சிறிய குறிப்பேடு ஒன்றை எடுத்தார். அன்றைய பக்கம் முழுவதும் நிரம்பியிருந்தது. ஓரத்தில் கிடைத்த இடத்தில் நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார்.

அந்தப் பக்கத்தைக் கண்ட பிறகே என் தவறு எனக்குப் புரிந்தது. இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்ளும் ஒருவரை இன்னும் அரை மணி முன்னதாக எழச் சொல்லியிருந்தேன்! சுமை தாங்காமல் வந்தவரின் தலைமீது ஆன்மிகத்தின் பெயரால் மேலும் ஒரு சுமையை ஏற்றியிருந்தேன். மறுநாள் காலை உரைக்கு முன் அவரிடம் சென்று, "அந்த வரியை அடித்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அவருடைய கேள்விக்கு அன்று நான் சொல்ல முயன்றதையும், பின்னர் அதுபற்றிச் சிந்தித்ததையும் இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எண்ணெய் தீர்ந்த விளக்கு

விளக்கில் எண்ணெய் இருக்கும்வரை எரிவது எண்ணெய்தான். திரி அதை ஏந்தி மட்டுமே நிற்கிறது. எண்ணெய் தீர்ந்த பிறகு திரியே எரியத் தொடங்குகிறது. சிறிது நேரம் சுடர் முன்போலவே தெரியும். பிறகு கருகும் வாடை வரும். நம்மிடையே உழைக்கும் பெண்கள் பலர் இன்று இந்த நிலையில் இருக்கிறார்கள். சுடரைப் பார்க்கும் நாம், எரிவது திரி என்பதைக் கவனிப்பதில்லை.

இந்நிலையை ஆங்கிலத்தில் 'பர்ன்-அவுட்' என்கிறார்கள். எரிந்து தீர்ந்துபோதல் என்று பொருள். 1974-இல் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் இச்சொல்லைத் தம் கட்டுரையில் பயன்படுத்தி இதை ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கினார். அவர் யாரிடம் இதைக் கண்டார் என்பது சிந்திக்கத்தக்கது. ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை அளித்த மருத்துவமனைகளில் ஆர்வத்தோடு தொண்டு செய்தவர்களிடம் கண்டார். ஆம், சோம்பேறிகள் எரிந்து தீர்ந்துபோவதில்லை. முழு மனத்தோடு தம்மைக் கொடுத்தவர்களுக்கே இது நேர்கிறது.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதனை ஒரு நோயாக அல்லாமல், தொழில் சார்ந்த ஒரு நிலையாகத் தன் வகைப்பாட்டில் விளக்கியது. சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தால் இது விளைகிறது. இதற்கு மூன்று அடையாளங்கள்: ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செயல்திறன் குறைதல். அந்த அம்மையார் சொன்னவற்றை மீண்டும் படித்துப் பாருங்கள். அவற்றில் இவ்வடையாளங்களைக் காணலாம். பக்தி குறைந்துவிட்டதோ என்று அவர் அஞ்சினார். குறைந்தது பக்தியல்ல, எண்ணெய்.

அலுவலகம் மட்டுமே பணியிடம் என்று எண்ணினால் பெண்களின் நிலை நமக்கு விளங்காது. மத்திய அரசு 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்களை. நாற்பதுகளின் இறுதியில் இருக்கும் பெண்ணுக்கு அலுவலகத்தில் பொறுப்பு உச்சத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பொதுத்தேர்வுகளை எதிர்கொள்கிறார்கள். பெரியவர்கள் படுக்கையில் விழுகிறார்கள். அவளுடைய உடலோ மாதவிடாய் நிற்கும் பருவத்தின் மாற்றங்களுக்கு உள்ளாகிறது. இவை யாவும் ஒரே வாசல் வழியாக, ஒரே நேரத்தில் நுழைகின்றன.

கீதை தரும் அளவுகோல்

"பலனை எதிர்பாராமல் உழைத்தேன், ஏன் சோர்ந்தேன்?" இதுவே அவருடைய கேள்வியின் சாரம். இதற்கான விடை கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அங்கே பகவான் செயலை மூவகையாகப் பிரிக்கிறார். பற்றும் வெறுப்புமின்றி, பலனை நாடாமல், செய்ய வேண்டியதைச் செய்வது சாத்விகம். ஆசையாலோ அகங்காரத்தாலோ உந்தப்பட்டு, மிகுந்த பிரயாசையோடு செய்வது ராஜசம். இவ்விரண்டையும் நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். மூன்றாவதை மட்டும் விரைவாகக் கடந்துவிடுகிறோம்.

எது தாமசச் செயல்? விளைவையும், இழப்பையும், பிறக்கும் துன்பத்தையும் எண்ணாமல், தன் சக்தியையும் கணக்கில் கொள்ளாமல், மயக்கத்தால் தொடங்கப்படும் செயலைப் பகவான் தாமசம் என்கிறார். தன் சக்தியைக் கணக்கில் கொள்ளாமை என்பதும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். செயலின்மைதான் தாமசம் என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். தன் வலிமையின் எல்லையை அறியாமல் இரவும் பகலும் உழைப்பதும் தாமசமே என்று கீதை எச்சரிக்கிறது. வெளியே தியாகம்போல் தோன்றுவது உள்ளே தெளிவின்மையாக இருக்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. அந்த அம்மையார் பதவி உயர்வை நாடவில்லை, பாராட்டையும் நாடவில்லை. எனினும் ஒரு நுட்பமான பலன் அவரைப் பற்றியிருந்தது. 'நான் இல்லாவிட்டால் இது நடக்காது' என்னும் எண்ணமே அது. பணத்தையும் புகழையும் துறந்தவர்களைக்கூட இது பிடித்துக்கொள்ளும். ஆசிரமங்களில் வாழும் எங்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. மொழிபெயர்ப்புப் பணியில் இரவுகளைக் கழித்த நாட்களில், நான் விட்டுவிட்டால் அந்த நூல் வெளிவராது என்று நானும் எண்ணியதுண்டு. பிறகு ஒருமுறை காய்ச்சலில் படுத்தேன். வேறொரு சகோதரர் எஞ்சிய பக்கங்களை முடித்தார். நூல் உரிய நாளில் வெளிவந்தது.

உழைப்பு உடலைக் களைப்படையச் செய்யும். உறங்கி எழுந்தால் அக்களைப்பு நீங்கும். 'நானே செய்கிறேன், நானே தாங்குகிறேன்' என்னும் கர்த்ருத்வ உணர்வோ உறக்கத்திலும் இறங்காத சுமை. இரவு மூன்று மணிக்கு நம்மை எழுப்புவது பெரும்பாலும் அதுவே.

அன்னத்திலிருந்து தொடங்குவோம்

அப்படியானால் அகங்காரத்தை விட்டுவிடு என்று உபதேசித்தால் போதுமா? போதாது. அங்கேதான் நான் தவறினேன்.

தைத்திரீய உபநிஷதத்தில் பிருகு தம் தந்தையான வருணனிடம் பிரம்மத்தை அறிய விரும்பிச் செல்கிறார். தவம் செய்து அவர் முதலில் கண்டுகொள்வது அன்னத்தை. அதன்பின் பிராணன், மனம், விஞ்ஞானம் என்று ஒவ்வொரு படியாக ஏறி இறுதியில் ஆனந்தத்தை அடைகிறார். அன்னத்தை இகழலாகாது என்பதை ஒரு விரதமாகவே அந்த உபநிஷதம் விதிக்கிறது. ஏணியின் முதற்படி உடல். எரிந்து தீர்ந்துபோனவர் அந்தப் படியிலிருந்துதான் ஏறத் தொடங்க வேண்டும்.

எனவே முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகையால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மாதவிடாய் நிற்கும் பருவத்தின் மாற்றங்களும் சோர்வையும் மனத்தளர்ச்சியையும் உண்டாக்கக்கூடியவை. இரும்புச்சத்து குறைந்த உடலை வைராக்கியம் குறைந்த மனம் என்று பழிப்பது நியாயமாகுமா? எதிலும் நம்பிக்கை அற்றுப்போனாலோ, வாழ்வையே வெறுக்கும் எண்ணம் எழுந்தாலோ, தயங்காமல் மனநல மருத்துவரை நாடுங்கள். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் 'டெலி-மானஸ்' உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது. உதவி கேட்பது பலவீனமன்று. உடல் தளர்ந்து வில்லும் கைநழுவிய அர்ஜுனன் தன் நிலையை வாய்விட்டுச் சொன்னான். அவன் மறைத்திருந்தால் நமக்குக் கீதை கிடைத்திருக்காது.

அடுத்து, பிராணன். உறக்கமும் மூச்சும் நடையும் இதனைச் சேர்ந்தவை. மிகையாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகையாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் கைகூடாது என்பது ஆறாம் அத்தியாயத்தின் உபதேசம். உணவு, உலாவல், வேலை, உறக்கம், விழிப்பு ஆகிய எல்லாவற்றிலும் அங்கே அளவு வேண்டப்படுகிறது. ஓய்வு என்பது சாதனைக்கு இடையூறு அல்ல. அது சாதனையின் ஒரு பகுதி.

மூன்றாவது, மனம். மனத்திற்கு வேண்டியது அறிவுரையைவிடச் செவி. சுருக்கமாகவேனும் உள்ளதை உள்ளபடி கேட்கக்கூடிய ஒருவரிடம் பேசுங்கள். பட்டியலில் சேராத ஏதேனும் ஒன்றையும் நாள்தோறும் செய்யுங்கள். பாடத் தெரிந்தவர் பாடட்டும். செடி வளர்ப்பவர் செடியோடு அமரட்டும். யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத அந்தக் கால் மணி நேரத்தில் இறைவனின் பெயர் தானாக நாவில் வருமானால், அதுவே அப்போதைக்குப் போதுமான ஜபம்.

ஓடிவிடுவதா, ஒப்படைப்பதா?

சோர்வின் உச்சியில் பலருக்கும் தோன்றுவது, 'எல்லாவற்றையும் விட்டுவிடலாம்' என்பதே. அர்ஜுனனுக்கும் பிச்சையெடுத்து வாழலாம் என்றுதான் தோன்றியது. உடல் வருந்துமே என்று அஞ்சிக் கடமையைத் துறப்பவன் தியாகத்தின் பயனை அடைவதில்லை என்கிறது கீதை. ஆகவே, களைத்த மனத்தோடு வாழ்வின் பெரிய முடிவுகளை எடுக்காதீர்கள். முதலில் ஓய்வு கொள்ளுங்கள்; தெளிந்த பின் முடிவு செய்யுங்கள். தெளிந்த பின்னும் அந்தப் பணியிடம் உங்களை நசுக்குவதாகவே தோன்றினால், அதிலிருந்து விலகுவது ஓட்டமாகாது, அதுவும் தர்மமே.

புத்தரின் சீடரான சோணர் கடுமையான தவத்தில் நடந்து நடந்து பாதங்களில் இரத்தம் கசியும் நிலையை அடைந்தார். பயன் விளையாததால் துறவையே விட்டுவிட எண்ணினார். அவர் முன்பு வீணை வாசித்தவர் என்பதை அறிந்த புத்தர், நரம்பை மிக இறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை பிறக்குமா என்று கேட்டார். வீணையைத் தூக்கியெறி என்று புத்தர் சொல்லவில்லை. இன்னும் வேகமாக மீட்டு என்றும் சொல்லவில்லை. நரம்பைச் சரிசெய் என்றார்.

கைக்கு வந்த விடை

முகாம் முடிந்து சுமார் ஓராண்டுக்குப் பின் அந்த அம்மையாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பணப் பெட்டகம் போன்ற முக்கியப் பொறுப்புகளில் இருப்போரை ஆண்டுக்கொருமுறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாட்களுக்குக் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. முறைகேடுகளைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. ஒருநாள் காலை அவரிடமும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு உடனே விடுப்பில் செல்லுமாறு கூறினார்கள்.

"விதி எனக்குத் தெரியும். ஆனாலும் என்னைச் சந்தேகிக்கிறார்களோ என்று வழியெல்லாம் கலங்கினேன். அலுவலகக் கணினிக்குள் நுழைய முடியாது. கணக்கைப் பார்க்கவும் முடியாது. முதல் மூன்று நாட்கள் பித்துப் பிடித்தவள்போல் இருந்தேன். நான்காம் நாள் பகலில் ஐந்து மணி நேரம் உறங்கினேன். திரும்பிச் சென்றபோது பெட்டகத்தின் இருப்பு ஒரு நோட்டுகூடப் பிசகாமல் சரியாக இருந்தது. மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? எனக்கு அழுகை வந்தது. நான் இல்லாமலே எல்லாம் நடந்திருக்கிறது! அன்று மாலை பேருந்தில் வரும்போது அதே எண்ணம் சிரிப்பாக மாறியது" என்று எழுதியிருந்தார்.

அடுத்து அவர் எழுதியிருந்ததே இவ்வுரைக்குத் தலைப்பாயிற்று. "பெட்டகத்திற்கு இரண்டு சாவிகள் உண்டு, சுவாமிஜி. இருவரிடம் தனித்தனியாக இருக்கும். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. எத்தனை நேர்மையானவராயினும் இரண்டையும் ஒருவரே வைத்துக்கொள்வது குற்றம். பணியில் ஒருநாளும் நான் அவ்விதியை மீறியதில்லை. வீட்டில் மட்டும் இரண்டு சாவிகளையும் நானே வைத்துக்கொண்டிருந்தேன். சிலர் வாங்கிக்கொள்ள முன்வரவில்லை என்பது உண்மை. முன்வந்தவர்களிடமும் நான் கொடுக்கவில்லை என்பதும் உண்மை."

அவருடைய வாழ்க்கை ஒரே நாளில் மாறிவிடவில்லை. இரத்தசோகைக்குச் சிகிச்சை பெற்றார். மாமியாரைக் கவனிக்கப் பகலில் ஒரு பணிப்பெண்ணை அமர்த்தினார். அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளக் கணவரின் தம்பி மறுத்துவிட்டார். வேறு ஊரில் பணிபுரியும் கணவர் மாதம் இருமுறை வந்து தாயைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். மகள் காய்கறி நறுக்குவதில் நேர்த்தியில்லை. அதைப் பொறுத்துக்கொள்ளக் கற்றதே தம் பெரிய சாதனை என்று எழுதியிருந்தார். இன்னமும் சில இரவுகளில் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதாம். "ஆனால் இப்போது பட்டியலை எடுப்பதில்லை. ஒரு சாவி உன்னிடம் இருக்கிறது என்று இறைவனிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். சில நாள் உறக்கம் வருகிறது, சில நாள் வருவதில்லை" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

சரணாகதி பற்றி நான் படித்த விரிவுரைகள் பல. இதைவிடத் தெளிவான ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை. செயலை விடுவது சரணாகதி அல்ல. தன் பங்கைத் தான் செய்து, எஞ்சியது பிறருடையது, இறைவனுடையது என்று உணர்வதே அது.

இல்லத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்

உழைக்கும் பெண்ணைக் களைப்பறியாத தெய்வம் என்று புகழ்வது நம் வழக்கமாகிவிட்டது. மேடைகளில் நாங்களும் அவ்வாறு புகழ்ந்திருக்கிறோம். அந்தப் புகழ்ச்சி சில வேளைகளில் ஒரு விலங்காகிவிடுகிறது. தெய்வம் உட்கார்ந்து ஓய்வெடுக்கக் கூடாதல்லவா? உங்கள் வீட்டுப் பெண்ணை வணங்குவது இருக்கட்டும். இன்று மாலை அவர் கையிலிருந்து ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை உங்கள் முறையில் செய்யுங்கள், நாளையும் செய்யுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் அன்றாடப் பட்டியலை இன்றிரவு ஒருமுறை இறைவன் திருமுன் வைத்துப் பாருங்கள். எவை உங்களுக்குரியவை, எவை பிறர் செய்யக்கூடியவை, எவை செய்யாவிட்டாலும் குறைவில்லாதவை என்று பிரித்துப் பாருங்கள். அடித்துவிடும் ஒவ்வொரு வரிக்கும் குற்றவுணர்வு கொள்ளாதீர்கள். விளக்கை அணைப்பதற்காக அல்ல, அது நின்று எரிவதற்காகவே எண்ணெய் வார்க்கிறோம்.

இரண்டாவது சாவியை மனமுவந்து ஒப்படைக்கும் துணிவை உங்களுக்கும், அதை மனமுவந்து பெற்றுக்கொள்ளும் நல்லறிவை உங்களைச் சூழ்ந்திருப்போருக்கும் எல்லாம்வல்ல இறைவன் அருள்வானாக.